சங்கு ஊதாத வயல்: ‘இசையமுது’ உழைப்புப் பாடல்களில் நேரமும் முறையீடும்

ஆய்வுச்சுருக்கம்

பாரதிதாசனின் ‘இசையமுது’ தொகுப்பில் இடம்பெறும் தொழில்சார்ந்த பாடல்களைப் பொதுவுடைமைச் சிந்தனை என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துக் காணும் வழக்கம் ஆய்வுலகில் நிலைத்துவிட்டது. அவற்றுள் ‘ஆலைத் தொழிலாளி’, ‘உழத்தி’ என்னும் இரண்டை மட்டும் இக்கட்டுரை அருகருகே வைத்து வாசிக்கிறது. முதற்பாடலில் வேலை நேரம் அளக்கப்படுகிறது. அதனால் அங்கு முறையீடு பிறக்கிறது. இரண்டாம் பாடலில் அளவு இல்லை; அங்கு உழைப்பு அழகாக மாறிவிடுகிறது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் புதுவை ஆலைகளில் நிகழ்ந்தவற்றையும், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வயல் உழைப்பையும் பின்னணியாகக் கொண்டு இவ்வேறுபாடு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாரதிதாசன், இசையமுது, எட்டு மணி நேர வேலை, பிரெஞ்சிந்தியா, சவானா ஆலை, வில்லியனூர், பாகூர், நாழிகை, களையெடுப்பு

தலைப்பில் இருப்பவரும் பாடலில் பேசுபவரும்

1942ஆம் ஆண்டு வெளிவந்த ‘இசையமுது’ முதற்பகுதியில் தொழில்களின் பெயரால் அமைந்த பாடல்கள் வரிசையாக உள்ளன. வண்டிக்காரன், மாடு மேய்ப்பவன், பாவோட்டும் பெண்கள், தறித்தொழிலாளி, உழவன், உழத்தி, ஆலைத் தொழிலாளி, இரும்பாலைத் தொழிலாளி, கோடாலிக்காரன், கூடை முறம் கட்டுவோர், பூக்காரி, தபால்காரன், சுண்ணாம்பு இடிக்கும் பெண்கள் என அவ்வரிசை நீள்கிறது. ஊரின் உழைக்கும் மக்களைத் தொழில்வாரியாக எண்ணிப் பதிவு செய்த ஏடு போன்றதொரு தோற்றம் இதற்கு உண்டு. இத்தோற்றமே ஆய்வாளரை மயக்குகிறது. எல்லாரும் உழைப்பவர், எல்லாரையும் கவிஞர் பாடியுள்ளார், ஆகவே எல்லாப் பாடல்களும் உழைப்பைப் போற்றுபவை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிட முடிகிறது. போற்றுதல் வேறு, முறையிடுதல் வேறு என்பது இம்முடிவில் மறைந்துபோகிறது.

‘ஆலைத் தொழிலாளி’ என்னும் தலைப்பைக் கண்டதும் ஆலையில் வேலை செய்யும் ஒருவரின் குரலை வாசகர் எதிர்பார்ப்பார். பாடலில் அவர் வருவதே இல்லை. பேசுபவர் வீட்டில் காத்திருக்கும் அவருடைய மனைவி. அவள் பேசுவதும் கணவனிடமோ தோழியிடமோ அன்று. ஆலையின் சங்கை விளித்தே முழுப் பாடலும் நிகழ்கிறது. மணி ஐந்து கடந்துவிட்டது. பஞ்சாலையின் சங்கு இன்னும் ஊதவில்லை. ஏன் ஊதமாட்டாய் என்பதே அவள் வினா. காலை முதல் மனம் புழுங்க உழைத்தவர் வீட்டில் அடிவைக்க வேண்டாமா என்று கேட்கிறாள். வெயில் மேற்கே சாய்ந்துவிட்டதையும், தெருவைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்துப்போனதையும் சொல்கிறாள். தொழிலாளியின் பெயரைத் தலைப்பாகத் தாங்கிய பாடலில் தொழிலாளி இல்லாமல் இருப்பதுதான் பாடலின் பொருள். அவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இப்பாடலை முல்லைத் திணையின் தொடர்ச்சியாகக் காண்பதற்கு இடமுண்டு. மாலைப்பொழுது, இருத்தல் என்னும் உரிப்பொருள், வருவதாகச் சொன்ன பொழுது கடந்தும் வராத தலைவன் ஆகிய யாவும் அதற்குப் பொருந்துகின்றன. பாசறை இருந்த இடத்தில் பஞ்சாலை வந்து அமர்ந்திருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆயினும் அவ்வொப்புமை ஓர் எல்லைக்கு மேல் செல்வதில்லை. முல்லைத் தலைவி கார்காலத்தை எதிர்நோக்குகிறாள். பருவம் தவறினால் மேகத்தையும் கொன்றையையும் பொய்யென்று சொல்லித் தேற்ற முடியும். பஞ்சாலைத் தலைவிக்கு அத்தகைய இடைவெளி கிடையாது. அவளுடைய பிரிவு ஒவ்வொரு நாளும் நிகழ்வது. அதற்கு முடிவு குறிக்கப்பட்டிருக்கிறது. குறித்த முடிவு மீறப்பட்டிருக்கிறது. ஓதல், பகை, தூது, பொருள் என்று இலக்கணம் வகுத்த பிரிவுகளுள் எதுவும் கடிகாரத்தால் அளக்கப்படுவதன்று.

மணியும் நாழிகையும்

பாடலின் நுட்பமான பகுதி அவள் போடும் கணக்கு. கணவன் வந்த பின் குளிப்பதற்கு ஒரு நாழிகையாவது ஆகும். உட்கார்ந்து பேசுவதற்கு இரண்டு நாழிகை போகும். உண்பதற்கும் சிறிது நேரம் கழியும். அதன்பின் விடிவெள்ளி தோன்றும் வரை அவர்களுக்கு உரியது என்று அவள் எண்ணிச் சொல்கிறாள். காதற்பாடல் என்று மட்டும் கொண்டால் இது நயமான குறும்பாகவே படும். அவள் பயன்படுத்தும் அலகுகளைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. ஆலையைப் பற்றிப் பேசும்போது அவள் ‘மணி’ என்கிறாள். வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ‘நாழிகை’ என்கிறாள்.

ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆலைச் சங்கு வருவதற்கு முன்பிருந்தே தமிழ்க் குடும்பங்கள் பொழுதை அளந்த அலகு அது. ஆலையின் நேரம் ஒரு மொழியிலும் வீட்டின் நேரம் மற்றொரு மொழியிலும் ஒரே பெண்ணின் வாயில் வருகின்றன. அவள் இரண்டையும் கலக்கவில்லை. ஆங்கிலேய வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வேலையைச் செயலால் அளந்த சமூகம் அதைக் கடிகாரத்தால் அளக்கும் சமூகமாக மாறிய வரலாற்றைக் காட்டினார். தொடக்கத்தில் தொழிலாளர் கடிகாரத்தை எதிர்த்தனர். பின்னர் வந்த தலைமுறையினர் அக்கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டே முதலாளியோடு வாதிட்டனர் என்பது அவர் கருத்தின் சாரம். பாரதிதாசனின் பெண் இவ்விரண்டாம் நிலையில் நிற்கிறாள். ஆலையின் கடிகாரத்தை அவள் மறுக்கவில்லை. உன் கடிகாரப்படியே ஐந்தாகிவிட்டதே என்று அதன் கணக்கைக் கொண்டே அதைக் குற்றம் சாட்டுகிறாள்.

குளிப்பதற்கு ஒரு நாழிகையாவது ஆகும் என்ற கணக்கிலும் நின்று பார்க்க வேண்டிய செய்தி உண்டு. பஞ்சுத் தூசு படிந்த உடம்பைக் கழுவாமல் வீட்டுக்குள் புழங்க முடியாது. தூசைக் கழுவும் நேரம் ஆலைக்காகச் செலவாகும் நேரமே. அதற்குக் கூலி கிடையாது. மூச்சோடு உள்ளே போன தூசைக் குளியலும் நீக்காது. பஞ்சாலைத் தொழிலாளர்க்கு நுரையீரல் நோய் வருவதற்கு அதுவே காரணம் என்பதை மருத்துவம் அறியும். பாடல் இவற்றைச் சொல்லவில்லை. நேரத்தைக் கணக்கிடுவதில் அவள் காட்டும் கண்டிப்பே வாசகரை அங்குக் கொண்டுசெல்கிறது. ஆனால் அவளுடைய சொந்த உழைப்புக்கு அக்கணக்கில் இடமில்லை. உணவு சமைக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் கொண்டுவரப்பட்டிருக்கிறது, அவற்றுக்கு ஆன நாழிகைகளை அவள் எண்ணவில்லை. புதுவை ஆலைகளில் பெண்களும் வேலை செய்தனர் என்பதை நினைவிற்கொண்டால், காத்திருப்பவளாக மட்டுமே பெண்ணை நிறுத்திய பாடலின் எல்லையும் புலப்படும்.

விளிக்கப்படுவது சங்கு என்பதும் கருதத்தக்கது. கோயிலிலும் சாவு வீட்டிலும் ஒலித்த கருவியின் பெயரையே தமிழர் ஆலையின் ஊதுகுழலுக்கும் இட்டனர். அஃறிணையை விளித்துத் தூது விடுவது பழைய மரபு. மேகமும் அன்னமும் கிள்ளையும் யாருக்கும் சொந்தமானவை அல்ல. சங்கோ ஆலை உரிமையாளரின் கருவி. முதலாளியிடம் நேரில் கேட்க முடியாத கேள்வியை அவருடைய கருவியிடம் அவள் கேட்கிறாள். முதலாளி என்ற சொல்லோ கூலி என்ற பேச்சோ இல்லாமலேயே பாடல் தொழிற்சங்கக் கோரிக்கை ஒன்றைப் பேசிவிடுகிறது.

ஐந்து மணி யாருடைய விதி?

ஐந்து மணிக்கு விட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? விடியலில் புகுந்து இருட்டில் வெளியேறுவதே ஆலை வாழ்க்கையாக இருந்தால் ஐந்து மணி கடந்ததைப் பற்றி யாரும் முறையிடமாட்டார்கள். இன்ன நேரத்தில் முடிய வேண்டும் என்ற விதி மனத்தில் ஊன்றிய பிறகே தாமதம் குற்றமாகிறது. இப்பாடல் எழுதப்பட்ட ஊரில் அவ்விதி எவ்வாறு வந்தது என்பதைப் பார்க்காமல் பாடலின் கோபத்தை முழுமையாக உணர இயலாது.

பிரான்சு தன் நாட்டில் எட்டு மணி நேர வேலைச் சட்டத்தை 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இயற்றியது. பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த புதுவைப் பஞ்சாலைகளுக்கு அது வந்து சேரவில்லை. அதே ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் தொழிற்கூடங்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி, கிழமைக்கு 48 மணி என வரையறுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குக் கிழமைக்கு 60 மணி என விலக்களித்தது. எல்லைக்கு அப்பாலிருந்த தென்னார்க்காட்டில் 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திற்குப் பிறகும் நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை சட்டப்படியே இருந்தது.

புதுவையில் வ. சுப்பையா 1934இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் 1935இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பிரான்சில் 1936ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே தங்கிப் போராடினர். லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. அடுத்த மாதமே புதுவைத் தொழிலாளரும் உள்ளிருப்புப் போராட்டத்தைக் கையாண்டனர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. 12 பேர் உயிரிழந்தனர். 1937 ஏப்ரல் 6ஆம் நாளைய ஆணை பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. பாரிசிலிருந்து புதுவைக்கு அச்சட்டம் வந்து சேர 18 ஆண்டுகள் ஆயின. ஜூலை 30 புதுவையில் இன்றும் தொழிலாளர் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

‘ஆலைத் தொழிலாளி’ இந்நிகழ்ச்சிகளின் உருவகம் என்று நிறுவ முற்படுவது வீண் வேலை. பாடலில் ஊர்ப்பெயர் இல்லை, ஆலைப்பெயர் இல்லை, போராட்டமும் இல்லை. ஒரு கவிதையைச் செய்தித்தாள் நறுக்கோடு பொருத்திவிட்டால் ஆய்வு முடிந்தது என்று கருதும் போக்கு நம்மிடையே சற்று அதிகம். இங்கு வேண்டுவது அத்தகைய பொருத்தம் அன்று. 1942இல் நூலைக் கையிலெடுத்த புதுவை வாசகருக்கு, ஆலை நேரம் கடந்தும் சங்கு ஊதவில்லை என்ற புகாரின் பின்னால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் பெற்ற சட்டம் இருந்தது. பெற்ற ஒன்றை மீறுகிறாய் என்று கேட்கும் தொனி அதனால்தான் பாடலுக்கு வாய்க்கிறது. இரங்கற்குரலுக்கும் முறையீட்டுக்கும் வேறுபாடு இதுவே. இரங்கல் துன்பத்தைச் சொல்கிறது. முறையீடு மீறப்பட்ட அளவைச் சுட்டிக்காட்டுகிறது.

உள்ளிருப்புப் போராட்டத்தை மனத்தில் வைத்துப் படித்தால் பாடலின் மையமான காத்திருப்புக்கு மற்றொரு சாயலும் ஏறுகிறது. சங்கு ஊதியும் வெளியே வராமல் இருப்பதே 1936 ஜூலையில் தொழிலாளரின் ஆயுதம். வீட்டில் காத்திருந்தவர்களுக்கு அந்நாள்களின் மாலைப்பொழுது எப்படிக் கழிந்திருக்கும் என்பதைப் போராட்ட வரலாறுகள் பேசுவது அரிது. ஊதாத சங்கை நோக்கிய குரல் அம்மாலைகளுக்கும் பொருந்துகிறது என்ற அளவில் நின்றுகொள்வது தகும்.

குனிந்த முகம்

புதுவை நகரின் மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் வில்லியனூர். தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், கடலூரை நெருங்கிப் பாகூர். 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி கொம்யூன்களாக அமைந்த ஊர்கள் இவை. இரண்டும் நெல் விளையும் நாடு. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் உள்ளன. பாகூருக்குப் பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் ஏரிக்குக் கொண்டுவருகிறது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வது வழக்கு. முதலியார்பேட்டையில் ஊதிய சங்கு இவ்வயல்களுக்கு உரியதன்று. ஆலைத் தொழிலாளியின் மனைவி சங்கொலி எட்டும் தொலைவில் குடியிருப்பவள். அவளால் அதனோடு வழக்காட முடிகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண் எதனோடு வழக்காடுவாள்?

‘இசையமுது’ தரும் விடை ‘உழத்தி’. வளமான வயலில் பிற பெண்களோடு ஒருத்தி களையெடுக்கிறாள். அவளைத் தொலைவிலிருந்து ஒருவன் சுட்டிக்காட்டிப் பாடுகிறான். அவளுடைய கட்டழகும் மெல்லிடையும் முதலில் சொல்லப்படுகின்றன. அவிழ்ந்து விழும் கூந்தல் அவன் கண்ணுக்கு அருவியாகிறது. தாமரை போலக் கவிழ்ந்திருக்கும் முகம் தன் பக்கம் திரும்புமா, தன்னை விரும்புமா என்பது அவன் ஏக்கம். இசைக்கு மிக இணங்கிய இனிய பாடல். அதன் இனிமையில் குறைகாண இடமில்லை.

அந்த முகம் ஏன் கவிழ்ந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் பாடல் வேறு விதமாக ஒலிக்கும். களையெடுப்பு குனிந்தே செய்யும் வேலை. சேற்றில் கால் ஊன்றி, இடுப்பு வளைந்து, பயிருக்கும் களைக்கும் வேறுபாடு கண்டு விரலால் பறிக்க வேண்டும். முதுகில் வெயில், முகத்தில் நீரின் வெப்பம். நிமிர்ந்தால் வரிசை பின்தங்கும். வேலையின் கட்டாயத்தால் குனிந்த முகம் பாடலில் காதலனுக்குக் காட்சி தராத முகமாக மாறிவிடுகிறது. அவளுடைய உடல்நிலை அவனுடைய ஏக்கத்திற்குக் காரணமாகிறது. அவளுக்கு என்ன செய்கிறது என்பது பேசப்படவில்லை. கட்டவிழ்ந்த கூந்தலை அள்ளி முடியக் கையில் சேறு இருக்கிறது என்பதும் அவன் கண்ணில் படவில்லை.

ஆலைப் பாடலில் பெண் பேசுகிறாள், ஆண் காணப்படுவதில்லை. வயற்பாடலில் ஆண் பேசுகிறான், பெண் காணப்படுகிறாள். ஆலைப் பாடலில் மணி உண்டு, நாழிகை உண்டு, சாயும் வெயில் உண்டு. வயற்பாடலில் பொழுது நகர்வதே இல்லை. அவள் என்றும் களையெடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டும் ஒரே கவிஞரின் ஒரே நூலில், ஒரே தொழில் வரிசையில் உள்ளன. கவிஞரின் பரிவு ஆலைக்குக் கூடி வயலுக்குக் குறைந்தது என்று இதற்கு விளக்கம் கூறுவது பொருந்தாது. இல்லாத விதியின் மீறலைப் பாட முடியாது என்பதே பொருத்தமான விளக்கம். வயல் வேலைக்கு முடியும் நேரம் என்று ஒன்று எந்த ஆணையிலும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையே தொழிற்கூடத்தை வேளாண்மையிலிருந்து பிரிக்கும் கோட்டை அந்தந்த நாடு வரைந்துகொள்ள வேண்டும் என்றது. எட்டு மணி நேரம் அக்கோட்டின் ஒரு பக்கத்திற்கு மட்டும் உரியதாயிற்று. ‘இசையமுது’ வரிசையிலும் அதே கோடு கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது.

வயலில் உழைப்பை அளக்கவில்லை என்பதன்று. அங்கு அளவுகள் மிகுதி. நிலத்தைக் குழியாலும் காணியாலும் அளப்பது புதுவை வழக்கம். நடவு பரப்புக் கணக்கில் பேசப்படும். அறுவடைக் கூலி நெல்லாக அளந்து தரப்படும். அளவுகள் அனைத்தும் நிலத்தின்மீதும் விளைச்சலின்மீதும் நிற்பவை. உழைப்பவரின் பொழுதின்மீது நிற்பவை அல்ல. முடித்த பரப்புக்குக் கூலி என்றால் நேரம் நீள்வது உழைப்பவரின் குறையாகவே கணக்கில் வரும். கேள்வி கேட்பதற்கு ஒரு சங்குகூட இல்லாத நிலை அது.

கடல் கடந்த வயலும் கரையோர வயலும்

வயல் உழைப்பைத் துன்பமாகப் பாடும் மரபே தமிழில் இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. பள்ளு இலக்கியத்தில் பண்ணைக்காரனின் அதிகாரமும், வேலைக்கு வராத பள்ளனைத் தொழுவில் மாட்டும் தண்டனையும் விரிவாகவே வருகின்றன. ‘முக்கூடற்பள்ளு’ இதற்கு நல்ல சான்று. ஆனால் அங்குத் தண்டனை நகைச்சுவைக்குள் பொதியப்படுகிறது. கேட்போர் பண்ணைக்காரனைப் பார்த்தும் பள்ளனைப் பார்த்தும் ஒருசேரச் சிரிக்கலாம். முறையீட்டின் கூர்மை அச்சிரிப்பில் மழுங்கிவிடுகிறது.

மற்றொரு சான்று புதுவைக்கு மிக நெருக்கமானது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் உழைத்த பெண்களுக்காகப் பாடினார். கையும் காலும் சோர்ந்து விழும் உடல்கள் அதில் உண்டு. அழகின் வருணனை இல்லை. அக்கோபத்திற்குப் பின்னாலும் ஓர் அளவு இருந்தது. ஒப்பந்தக் கூலி முறையில் ஆண்டுக்கணக்கு, நாட்கணக்கு, தண்டனை எல்லாம் எழுத்தில் இருந்தன. அம்முறையை ஒழிக்க வேண்டும் என்ற இயக்கம் அக்காலத்தில் நாடெங்கும் நடந்தது. கடலுக்கு அப்பால் இருந்த தோட்டப் பெண்ணின் துயரத்திற்குப் பொதுவெளியில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. 1861ஆம் ஆண்டு ஆங்கில–பிரெஞ்சு உடன்பாட்டிற்குப் பின் புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்தே ரெயூனியனுக்கும் கரிபியத் தீவுகளுக்கும் கூலியாட்கள் கப்பலேறினர் என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். கப்பலேறியவர் கணக்கில் வந்தனர். கப்பலேறாமல் பாகூர் வயலில் நின்றவர் அழகில் வந்தனர்.

ஆசிரியரின் வாழ்க்கையைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க முற்படுவோர் உண்டு. பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் பணியாற்றினார். நகரக் கவிஞருக்கு வயல் தொலைவு என்ற வாதம் எழலாம். அவ்வாதம் வலுவற்றது. உழைப்பவருக்கு உலகில் உரிய பங்கு இல்லை என்பதை அவரளவு உரத்துக் கூறிய தமிழ்க் கவிஞர் அவர் காலத்தில் சிலரே. ‘உழத்தி’யில் நிகழ்ந்தது ஆசிரியரின் அக்கறைக்குறை அன்று, காதற்பாட்டு என்னும் வடிவமும், வேலை நேரத்திற்கு விதியில்லாத வயலும் ஒன்றோடொன்று இணங்கிப்போனதன் விளைவு அது. ‘ஆலைத் தொழிலாளி’யும் காதற்பாட்டே. அங்கு அதே வடிவம் இடறியது ஐந்து மணி என்னும் விதியில். அந்த இடறலால்தான் அப்பாடல் இன்றும் உயிரோடு நிற்கிறது.

வயலுக்கு வந்த கடிகாரம்

இன்று புதுவையில் பஞ்சாலைச் சங்கு ஓய்ந்துவிட்டது. ஆங்கிலோ–பிரெஞ்சு ஆலை 2020 ஏப்ரல் 30ஆம் நாளோடு மூடப்பட்டது. அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டுப் பின் திரும்பப் பெறப்பட்டது. எட்டு மணி என்ற அளவு எளிதில் தளரக்கூடியது என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று தேவையில்லை.

ஆலையில் ஓய்ந்த சங்கு மற்றோர் உருவில் சிற்றூர்ப் பக்கம் ஒலிக்கத் தொடங்கியிருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வருகைப்பதிவு கைப்பேசிச் செயலி வழியாகக் கட்டாயமாக்கப்பட்டது. பணியிடத்தில் நாளொன்றுக்கு இருமுறை, நேரமும் இடமும் பதிவாகும் வகையில் ஒளிப்படம் எடுக்கப்பட வேண்டும். அலைவரிசை கிடைக்காமல் பதிவு தவறினால் செய்த வேலைக்குக் கூலி கிடைப்பதில் சிக்கல். கூலியோ தோண்டிய மண்ணின் அளவைப் பொறுத்தும் குறையலாம். ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் மண் வெட்டும் பெண்ணிடம் இப்போது பரப்புக் கணக்கும் உண்டு, கடிகாரமும் உண்டு. ஆலைத் தொழிலாளியின் மனைவிக்குக் கடிகாரம் வாதத்திற்குப் பயன்பட்டது. இங்கு அது வருகையை மெய்ப்பிக்கும் சுமையை உழைப்பவர் மீதே ஏற்றுகிறது. அளவு வந்துவிட்டால் முறையீடு தானே பிறந்துவிடும் என்று கொள்வதற்கில்லை என்பதை இது காட்டுகிறது. ஐந்து மணி என்பதை நிறுவ 1936இல் ஒரு போராட்டமும் ஒரு சங்கமும் தேவைப்பட்டன.

இவ்வேறுபாட்டைத் தொடர்ந்து ஆராய விரும்புவோர் அச்சுக் கவிதையோடு நின்றுவிட இயலாது. நடவுப் பாடல்களிலும் களையெடுப்புப் பாடல்களிலும் பொழுது சாய்ந்துவிட்டதைச் சொல்லிக் கரையேறக் கேட்பது அறிந்த கூறு. அப்பெண்கள் விளிப்பது சங்கையன்று, சூரியனையும் வரப்பில் நிற்கும் மேற்பார்வையாளனையும்தான். குனிந்த முகத்திலிருந்து எழும் அக்குரல்களை, ‘நாட்டுப்புற இலக்கியத்தில் இயற்கை’ போன்ற தலைப்புகளிலிருந்து விடுவித்து, வேலை நேரத்தைப் பற்றிய பாடல்களாகத் தொகுக்கும் பணி வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் இன்னும் செய்யத்தக்கதாக உள்ளது. அவற்றில் நாழிகை எண்ணப்படுகிறதா, எண்ணப்பட்டால் யாருடைய நாழிகை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.